டயலைத் திருப்புங்கண்ணே, கெட்டிமேளம் வருது!

பத்திரிகையில் "காலை 6 மணிக்கு மேல் 7.30 மணிக்குள்" என்று போட்டிருக்கும். அது விருந்தாளிகளுக்கு. போட்டோ டீமுக்கு முகூர்த்தம் விடியற்காலை நாலரைக்கே தொடங்கிவிடுகிறது. மதுரைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். மணமேடையின் பூ அலங்காரத்துக்காக அடித்த சட்டத்துக்கும் பின்சுவருக்கும் நடுவே ஒரு குட்டிச் சந்து. அதற்குள் பிளாஸ்டிக் நாற்காலிகள், சார்ஜர்கள் நெருக்கியடித்துச் செருகியிருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், பாதி குடித்த காபி டம்ளர்கள், யாருடையது என்று தெரியாத லென்ஸ் மூடிகள். இந்தச் சந்தில் உட்கார இடம் கிடைத்தால் கல்யாணத்தின் இன்னொரு முகம் தெரியும் என்று கேள்விப்பட்டிருந்தேன். கிடைத்தது! முதல் வரிசை சோபாவைக் கொடுத்தாலும் இனி மாற்றிக்கொள்ள மாட்டேன்.

டீமில் பெரியவர் 'ட்ரெடிஷனல்' அண்ணன். குரூப் போட்டோ, சடங்கு, மேடை எல்லாம் அவர் பொறுப்பு. அடுத்து 'கேண்டிட்' தம்பி. யாரும் பார்க்காத நேரத்தில் எல்லோரையும் பார்ப்பது அவன் வேலை. வீடியோவுக்கு இரண்டு பேர். நீளக் கம்பியில் எல்இடி லைட்டைத் தூக்கிப் பிடிக்க ஒரு பையன். ஐந்து பேரையும் கொஞ்ச நேரம் கவனித்ததிலேயே ஒன்று புரிந்துவிட்டது. இவர்கள் மணமக்களைப் பார்ப்பதற்கு முன்னால் கேமராவின் தலையில் இருக்கும் அந்த உருளையைத்தான் பார்க்கிறார்கள். ஒவ்வொரு தடவையும்! கட்டைவிரல் தானாக அங்கே போகிறது, ஒரு 'க்ளிக்', எழுத்து மாறுகிறது, பிறகுதான் கண் வியூஃபைண்டருக்குப் போகிறது.

அண்ணனின் கேமராவை வாங்கிப் பார்த்தேன். உருளையின் விளிம்பில் இருந்த சொரசொரப்பு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து வழவழத்திருந்தது. நடுவில் குட்டி லாக் பட்டன். சுற்றிலும் பி, எஸ், ஏ, எம் என்று எழுத்துகள். கேனான்காரர்களுக்கு எஸ்ஸும் ஏவும் 'டிவி', 'ஏவி' என்று இருக்கும். ஒரு பக்கம் பச்சை நிறத்தில் ஆட்டோ. இன்னொரு பக்கம் யு1, யு2; கேனானில் இதுவே சி1, சி2, சோனியில் வெறும் 1, 2. நாம் வாங்கிய கேமராவில் ஆயுசுக்கும் அந்தப் பச்சையைத் தாண்டாமல் இருப்போமே, இவருடைய கேமராவில் அந்தப் பச்சைதான் புத்தம்புதிதாக மின்னியது.

விஷயம் இவ்வளவுதான். வெளிச்சத்தை ஆள கேமராவில் மூன்று பிடிகள் உண்டு. லென்ஸின் ஓட்டை எவ்வளவு திறக்கிறது என்பது அப்பெச்சர். அதுதான் பின்னணி மங்குவதையும் தீர்மானிக்கிறது. எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது ஷட்டர் ஸ்பீடு. அசைவு உறைவதும் இழுபடுவதும் அதன் கையில். இருக்கும் வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு பெருக்குகிறது என்பது ஐஎஸ்ஓ. ரொம்பக் கூட்டினால் படத்தில் மணல் தூவியது மாதிரி நாய்ஸ் வரும். மோடு என்பது இந்த மூன்றில் எதை நீங்கள் பிடிக்கிறீர்கள், எதைக் கேமராவிடம் விடுகிறீர்கள் என்கிற ஒப்பந்தம். ஏ மோடில் அப்பெச்சர் உங்களுடையது, ஷட்டர் கேமராவுடையது. எஸ் மோடில் நேர்மாறு. எம்மில் இரண்டும் உங்களுடையவை. பியில் இரண்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

சரி, எந்த இடத்தில் எந்த ஒப்பந்தம்? அதைப் பார்க்கத்தானே சந்துக்குள் புகுந்தோம்!

முதல் ஸ்டாப், மணமகள் அறை. கதவைத் திறந்ததும் மல்லிகை வாசனையும் ஹேர் ஸ்ப்ரே நெடியும் சேர்ந்து அடிக்கிறது. ஒரு பக்கம் ஜன்னல், மேலே டியூப் லைட், கண்ணாடியைச் சுற்றி மஞ்சள் பல்புகள், மேக்கப் போடுபவரின் ரிங் லைட். பெண் இந்தப் பக்கம் திரும்பினால் ஒரு வெளிச்சம், அந்தப் பக்கம் திரும்பினால் வேறு வெளிச்சம். தம்பியின் கட்டைவிரல் ஏவில் நின்றது. அப்பெச்சர் எஃப் 2. ஜிமிக்கி கூர்மையாக இருக்க, பின்னால் உள்ள சூட்கேஸ், ஹேங்கர், சீப்பு எல்லாம் குழைந்து காணாமல் போகின்றன. ஐஎஸ்ஓ ஆட்டோவில். "ஷட்டர் 1/200-க்குக் கீழே இறங்கக் கூடாதுன்னு மெனுவுல சொல்லி வெச்சிருக்கேன். அதுக்கு மேல அது பாடு, வெளிச்சம் பாடு" என்றான்.

"எல்லாத்தையும் மேனுவல்ல எடுக்க மாட்டீங்களா தம்பி?"

சிரித்துவிட்டான். "எல்லாரும் அதத்தாண்ணே கேக்குறாங்க. இங்க மேனுவல் வெச்சா, நான் நம்பர் மாத்தி முடிக்கிறதுக்குள்ள இவங்க சிரிச்சு முடிச்சிருவாங்க."

இந்த 'மேனுவல்தான் கெத்து' என்ற நம்பிக்கை நம் ஊரில் எங்கிருந்து முளைத்ததோ! கேமரா வாங்கிய முதல் வாரத்திலேயே ஒரு நண்பர் வந்து ஓதிவிட்டுப் போவார்: "ஆட்டோல எடுக்கிறவன்லாம் போட்டோகிராபரே இல்ல." சரித்திரம் வேறு மாதிரி சொல்கிறது. 1976-ல் கேனான் ஏஇ-1 வந்தது. ஷட்டரை நீங்கள் வையுங்கள், அப்பெச்சரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றது. அதே 1976-ல்தான் பென்டாக்ஸ் கே1000-மும் வந்தது; அதில் எல்லாமே கைவேலை. இரண்டும் லட்சக்கணக்கில் விற்றன. அடுத்த வருடம் மினோல்டா எக்ஸ்டி அப்பெச்சர், ஷட்டர் இரண்டு ப்ரையாரிட்டிகளையும் (அதாவது ஏ, எஸ் மோடுகளை) ஒரே உடம்பில் கொண்டுவந்தது. 1978-ல் கேனான் ஏ-1 ப்ரோக்ராம் மோடையும் சேர்த்துக்கொண்டது. ஆக, ஆட்டோவும் மேனுவலும் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டாக ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. சண்டை போடுவது நாம்தான்.

அதற்கும் முன்னால் யாஷிகா மேட் 124ஜி தூக்கிக்கொண்டு கல்யாண வீடுகளுக்குப் போனவர்களை நினைத்தால் எனக்குப் புல்லரிக்கிறது. மேலிருந்து குனிந்து பார்க்கிற பெட்டி கேமரா. ஒரு 120 ரோலில் பன்னிரண்டே படம். மோடும் கிடையாது, பின்னால் திரையும் கிடையாது. தாலி கட்டு சரியாக விழுந்ததா என்று ஸ்டூடியோ இருட்டறையில் ஃபிலிமைக் கழுவிய பிறகுதான் தெரியும்!

மணமேடைக்கு வருவோம். ஓமம் வளர்த்தாயிற்று. புகை. தீ. வெள்ளைப் பட்டு வேட்டியில் மாப்பிள்ளை. கேமராவின் மீட்டருக்கு இதைவிடப் பெரிய சோதனை கிடையாது. பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்ப்பதே அதன் சுபாவம். வேட்டி ஃபிரேம் நிறைய வந்தால், "ஐயோ, ரொம்பப் பளீர்" என்று பயந்து படத்தை இருட்டாக்கும். வேட்டி பழுப்பேறும், மாப்பிள்ளை முகம் கறுக்கும். தீ நடுவில் வந்தாலும் அதே கதை. ஏ மோடில் இருந்த தம்பி, எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +0.7-க்குத் தட்டினான். வேட்டி மறுபடி வெள்ளையானது. சாயங்காலம் மாப்பிள்ளை கறுப்பு கோட் சூட்டில் வரும்போது இதையே மைனஸ் பக்கம் தட்டுவான். இல்லாவிட்டால் கோட் சாம்பலாகி, முகம் வெளுத்துப்போகும். ஏ மோடை நம்புகிறவர்களுக்கு இந்த பிளஸ், மைனஸ்தான் உயிர்நாடி. பச்சை ஆட்டோவை இவர்கள் தொடாததற்குப் பெரிய காரணமும் இதுவே. பெரும்பாலான கேமராக்களில் அங்கே இந்தத் தட்டல் வேலை செய்யாது.

தவில்காரர் லேசாக முறுக்குகிறார். ஐயர் தேங்காய்மேல் இருக்கும் தாலியைத் தட்டோடு சபைக்கு அனுப்புகிறார், பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிக்க. சந்துக்குள் திடீர் சுறுசுறுப்பு!

"அண்ணே, யு1!"

"போட்டாச்சு தம்பி!"

இதுதான் நான் கண்டுபிடித்த பெரிய ரகசியம். உருளையில் இருக்கும் அந்த யு1, யு2, சி1, சி2 எல்லாம் காலி அறைகள். உங்களுக்கு வேண்டிய செட்டிங் முழுவதையும் ஒன்றாக மடித்து அதற்குள் வைத்துவிடலாம். அண்ணன் யு1-ல் தாலி கட்டை வைத்திருக்கிறார்! எம் மோடு, 1/250, எஃப் 4, ஐஎஸ்ஓ 1600, ஃபோகஸ் தொடர்ந்து முகத்தைத் துரத்துகிற மாதிரி, ஷட்டர் தொடர் க்ளிக்கில். அவசரத்தில் ஒவ்வொன்றாகத் தேடித் திருக வேண்டாம், ஒரே திருப்பு. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: நடுவில் நீங்கள் செய்யும் சின்ன மாற்றங்கள், கேமராவை அணைத்துப் போட்டால் பல மாடல்களில் பழையபடி திரும்பிவிடும். அது சௌகரியமா தொல்லையா என்பது அன்றைய நிலவரத்தைப் பொறுத்தது.

இவ்வளவு நேரம் ஏ மோடைக் கொண்டாடிவிட்டு இங்கே மட்டும் ஏன் எம்? மெதுவாகக் கேட்டேன். அண்ணன் லைட் பையனைக் காட்டினார். வீடியோவுக்காக அவன் தூக்கிப் பிடித்திருக்கும் எல்இடி லைட், தாலி கட்டி முடியும்வரை அசையப்போவதில்லை. வெளிச்சம் ஒரே மாதிரி. ஆனால் ஃபிரேமுக்குள் நடப்பது தலைகீழ் கலாட்டா. இந்த நொடி வேட்டியின் வெள்ளை, அடுத்த நொடி கூறைப்புடவையின் அரக்கு, நடுவில் யாரோ ஒரு சித்தப்பாவின் கறுப்புத் தலை. ஏ மோடில் விட்டால் மீட்டர் ஒவ்வொன்றுக்கும் மிரண்டு, ஒரு படம் வெளுப்பு, ஒரு படம் கறுப்பு என்று வரும். ஆல்பத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அசிங்கம். "வெளிச்சம் ஓடுச்சுன்னா கேமராகிட்ட விட்டுரு. வெளிச்சம் நின்னுச்சுன்னா நீ பிடிச்சுக்க" என்றார். எத்தனையோ புத்தகங்கள் பக்கம் பக்கமாகச் சொன்னதை இவர் வெற்றிலை மென்றபடி முடித்துவிட்டார்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

அட்சதை பறக்கிறது. நாதஸ்வரமும் தவிலும் காதைப் பிளக்கின்றன. மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போடுகிறார். பின்னாலிருந்து நாத்தனார் குனிந்து மற்ற இரண்டையும் போடுகிறார். அண்ணன் மேடையின் வலது மூலையில். அவருக்கு முடிச்சும் வேண்டும், மூன்று முகமும் வேண்டும். 1/250-ல் விரல்கள் உறைந்து நிற்கின்றன, அட்சதை மட்டும் லேசாகக் கோடு இழுக்கிறது. அந்தக் கோடு இருந்தால்தான் அட்சதை விழுகிற மாதிரி தெரியும் என்பது அவர் கட்சி. 1/1000 வைத்தால் ஒவ்வொரு அரிசியும் அந்தரத்தில் தனித்தனியே தொங்கும். எனக்கு அது பிடிக்கவில்லை, அவருக்கும்தான். அழுத்துவதையும் கவனித்தேன். விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கவில்லை. மூன்று மூன்று படமாக விட்டு விட்டு. ஒரேயடியாக அழுத்தினால் கேமராவின் தற்காலிக நினைவகம் நிரம்பி, கார்டில் எழுதி முடிக்கும்வரை மூச்சு வாங்கும். அது சரியாக மூன்றாவது முடிச்சில்தான் மூச்சு வாங்குமாம்!

தம்பி எங்கே? மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். அவன் லென்ஸ் போனது பெண்ணின் அப்பாவிடம். ஏ மோடு, எஃப் 2. அந்த மனிதர் கைகூப்பியபடி கண்ணைத் துடைக்கக்கூட மறந்து நிற்கிறார். பின்னால் இருக்கும் மொத்தச் சபையும் வண்ணப் புள்ளிகளாகக் கரைந்துவிட்டது.

பந்தியில் தம்பி ஏவை விட்டு அசையவில்லை. பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கும் தாத்தா அவனுக்குக் கிடைத்தார், எனக்கு இலை கிடைத்தது.

சாயங்காலம் ரிசப்ஷன். மேடைக்குப் பின்னால் சுவர் முழுக்க எல்இடி திரை, அதில் நீர்வீழ்ச்சி, ரோஜா, மணமக்கள் பெயர். இரண்டு பக்கமும் சாஃப்ட் பாக்ஸ் மாட்டிய ஃப்ளாஷ். அண்ணன் எம் மோடில் 1/160, எஃப் 8, ஐஎஸ்ஓ 800 என்று வைத்தார். அத்தோடு சரி! வரிசையில் மொய்க் கவரோடு வந்தவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள், அவர் அழுத்திக்கொண்டே இருந்தார், நம்பர் ஒன்றுகூட மாறவில்லை. அதே இடம், அதே தூரம், அதே ஃப்ளாஷ். மாறுவது ஆட்கள் மட்டும்தான். எஃப் 8 ஏனென்றால், எட்டிப் பார்க்கும் பின்வரிசைச் சித்தியும் தெளிவாக விழ வேண்டும். சித்தி மங்கினால் பிறகு யார் பதில் சொல்வது? இதைப் பார்த்தபோதுதான் உறைத்தது: மேனுவல்தான் இருக்கிறதிலேயே சோம்பேறி மோடு. ஒரு முறை வைத்துவிட்டால் யோசிக்கவே வேண்டியதில்லை.

அப்புறம் ஒரு வித்தை காட்டினார் பாருங்கள்! ஷட்டரை மட்டும் 1/160-லிருந்து 1/50-க்கு இறக்கினார். பின்னால் எல்இடி திரை சட்டென்று பிரகாசமாகிவிட்டது. மணமக்கள் முகம் அப்படியே இருந்தது! ஃப்ளாஷ் வெடிப்பது கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு துளி. ஷட்டர் அதற்குமேல் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் ஃப்ளாஷ் வெளிச்சம் கூடாது. திரையோ தொடர்ந்து எரிகிறது. திறந்திருக்கும் நேரமெல்லாம் அதன் வெளிச்சம் சேர்ந்துகொண்டே போகும். ஆக, ஃப்ளாஷ் போட்ட படத்தில் ஷட்டர் என்பது பின்னணிக்கான வால்யூம். மேலே மட்டும் ஒரு எல்லை உண்டு: சாதாரண ஃப்ளாஷோடு 1/200 அல்லது 1/250-ஐத் தாண்டினால் படத்தின் ஒரு ஓரம் கறுப்புப் பட்டையாக விழும்.

பட்டை என்றதும் இன்னொன்று. ஃப்ளாஷ் இல்லாமல் மண்டபத்தின் சாதாரண விளக்குகளில், அதிக ஷட்டர் ஸ்பீடில் எடுத்த படங்களில் வரிவரியாக விழுவதைப் பார்த்திருப்பீர்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பல விளக்குகள் விநாடிக்கு 100 தடவை துடிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 1/100 அல்லது 1/50 வைத்தால் முழுத் துடிப்புகள் உள்ளே வந்துவிடும், வரி விழாது. சத்தமே இல்லாத எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டால் தொல்லை இன்னும் அதிகம். 2014-ல் வந்த கேனான் 7டி மார்க் 2-வில் இதற்கென்றே ஒரு வசதி வைத்தார்கள்: விளக்கு உச்சத்துக்கு வரும் நொடிவரை கேமரா காத்திருந்து க்ளிக் செய்யும். எல்இடி திரைகள் மட்டும் தங்களுக்கென்று தனித் தாளம் வைத்திருக்கின்றன. அங்கே ஒன்றிரண்டு எடுத்துப் பார்த்து, வரி மறையும் வேகத்தைப் பிடிப்பதைத் தவிர வழியில்லை.

வெளியே செண்டை மேளம் அதிர்ந்தது. பெண்ணின் தம்பிகள் மாப்பிள்ளையைத் தோளில் தூக்கிவிட்டார்கள்! தம்பியின் உருளை அன்றைக்கு முதல் தடவையாக எஸ்ஸுக்குத் திரும்பியது. 1/500, ஐஎஸ்ஓ ஆட்டோ. அந்தரத்தில் பறக்கும் துண்டு அப்படியே நிற்கிறது. ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடாமல் இந்த விளையாட்டு ஆடினால், லென்ஸ் முழுக்கத் திறந்தும் வெளிச்சம் போதாமல் எண் மினுமினுத்து எச்சரிக்கும், படம் இருட்டும். அதற்குப் பிறகு அவன் செய்ததுதான் குறும்பு. 1/15-க்கு இறக்கி, ஃப்ளாஷை 'ரியர் கர்ட்டன்' என்று மாற்றினான். ஷட்டர் மூடுவதற்கு முந்தைய நொடியில் ஃப்ளாஷ் அடிக்கும். வண்ண விளக்குகள் நெளிநெளியாக இழுபட, கடைசியில் ஆடுகிறவரின் முகம் மட்டும் பளிச்சென்று உறைகிறது. கேமராத் திரையில் அதைப் பார்த்துவிட்டு ஆட்டக்காரர்கள் மறுபடி ஆடினார்கள், கேமராவுக்காகவே.

கூட்டம் கலைந்த பிறகு மொட்டை மாடியில் கம்பி மத்தாப்பு. முக்காலியில் கேமரா, எம் மோடு, எட்டு விநாடி, எஃப் 8, ஐஎஸ்ஓ 100. இதையே பல்ப் மோடில், விரல் எடுக்கும்வரை ஷட்டர் திறந்திருக்க விட்டும் செய்யலாம். மணமக்கள் அசையாமல் நிற்க, நண்பர் ஒருவர் மத்தாப்பால் காற்றில் எழுத வேண்டும். "பெயர் எழுதட்டுமா?" என்றதற்குத் தம்பி அலறிவிட்டான். கேமராவைப் பார்த்து எழுதினால் எழுத்து இடவலம் மாறி விழும். கம்ப்யூட்டரில் திருப்பிப் போட்டால் எழுத்து சரியாகிவிடும், ஆனால் பெண்ணின் முந்தானை வலது தோளுக்குப் போய்விடும். அதை முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிட வீட்டில் நாலு அத்தைகள் இருக்கிறார்கள்! அதனால் இதயம் போட்டார்கள். திருப்பினாலும் இதயம்தான்.

உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் சொந்தக் கேமராவோடு நிற்கப்போகிறீர்களா? ஏ மோடு, ஐஎஸ்ஓ ஆட்டோ, குறைந்தபட்ச ஷட்டர் 1/200 என்று வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலான நேரம் அதுவே போதும். மொபைல்தான் என்றால், தாலி கட்டும் நேரத்தில் நைட் மோடு வேண்டாம். அது பல படங்களை அடுக்கிச் சேர்க்கிறது, அசையும் கைகள் குழம்பிவிடும். போர்ட்ரெய்ட் மோடும் வேண்டாம். பின்னணியைக் கணக்குப் போட்டு மங்கவைக்கும்போது தலையில் தொங்கும் மல்லிகைச் சரத்தின் ஓரத்தையும் சேர்த்துக் கடித்துவிடுகிறது. சாதாரண மோடே நல்லது.

கடைசியாகச் சந்தில் இருப்பவர்கள் சார்பில் ஒரு விண்ணப்பம். கெட்டிமேளம் கேட்டதும் மொபைலைத் தூக்கிக்கொண்டு மேடையின் முன்னால் எழுந்து நிற்காதீர்கள், தயவுசெய்து உட்கார்ந்தபடியே அட்சதை போடுங்கள். உங்கள் முதுகைத் தாண்டி எடுக்க எந்த உருளையிலும் மோடு கிடையாது.